வந்தாரும் இருந்தாரும்

ஒரு நாட்டின் வாயிலை எத்துணை அகலத் திறப்பது என்னும் வினா இக்காலத்து மக்களாட்சி நாடுகள் பலவற்றைக் கலக்கி வருகின்றது. பெரும்பாலான நாடுகளில் அமைச்சரும் அதிகாரிகளுமே இதற்கு விடை காண்கின்றனர். சுவிட்சர்லாந்திலோ குடிமக்களே நேரில் வாக்களித்துத் தீர்க்கின்றனர். போதிய தொகையினர் கையொப்பமிட்டு வேண்டின், அரசியலமைப்பைத் திருத்துவதா என்பதையே பொது வாக்கிற்கு விடுதல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆதலின், குடியேற்றத்தைப் பற்றி ஒரு நாட்டார் மெய்யாக எண்ணுவது யாது என்று அறிய விழைவார்க்கு அச்சிறு நாடு தெளிந்த கண்ணாடியாக விளங்குகின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் தொழிற்சாலைகளும் கட்டடப் பணிகளும் பெருகின; உழைக்கும் கைகள் போதவில்லை. இத்தாலியிலிருந்தும், பின்னர் ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அவருட் பலர் பருவத் தொழிலாளர். ஆண்டிற்கு ஒன்பது திங்களே அவர் தங்கலாம். மனைவி மக்களை உடனழைத்து வருதல் கூடாது. பிரிவாற்றாத பெற்றோர் சிலர் தம் குழந்தைகளை ஒளித்துக் கொணர்ந்தனர். அக்குழந்தைகள் அண்டை வீட்டார் செவியிற் குரல் படாதவாறு அடைத்த அறைகளுள்ளே வளர்ந்தனர். அவ்விதி முற்றும் ஒழிந்தது 2002-ஆம் ஆண்டிலேதான்.

அயலார் தொகை பெருகப் பெருக அச்சமும் பெருகிற்று. ஜேம்ஸ் சுவார்ட்சன்பாக் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், ஜெனீவா ஒழிந்த மாநிலங்களில் அயல்நாட்டார் நூற்றுக்குப் பத்தின்மேற் போகலாகாது என்றொரு திருத்தம் கொணர்ந்தார். அது நிறைவேறியிருப்பின் இலட்சக்கணக்கானோர் வெளியேற நேர்ந்திருக்கும். 1970 ஜூன் 7-ஆம் நாள் நிகழ்ந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 54 பேர் அதனை மறுத்தனர். 46 பேர் ஏற்றனர். அவ்வாறு வாக்களித்தோர் அனைவரும் ஆடவர். நாட்டின் எதிர்காலம் குறித்து முழங்கிய அந்நாளில், அந்நாட்டுப் பெண்டிர்க்கே கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை இல்லை. 1971-லேதான் அது வழங்கப்பட்டது.

பின்னரும் அவ்வழக்கு ஓய்ந்திலது. 2014 பிப்ரவரியில், ஆண்டுதோறும் வருவோர் தொகைக்கு வரம்பிடுதல் வேண்டும் என்னும் கருத்து நூற்றுக்கு 50.3 வாக்கால் வென்றது. 2020 செப்டம்பரிலோ, ஐரோப்பிய ஒன்றியத்தாரோடு கொண்ட தடையிலாப் போக்குவரவு உடன்படிக்கையை முறிக்கும் முயற்சி நூற்றுக்கு 61.7 வாக்கால் தோற்றது. அதே மக்கள்; ஆறே ஆண்டுகள்; விடைகள் இரண்டு!

இங்ஙனம் பிரிந்து நிற்போரில் ஒரு சாராரைக் கொடியர் என்றும் மறு சாராரை நல்லோர் என்றும் பகுத்துவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையன்று. 2014-ல் அயலார் மிகுந்த சூரிச், ஜெனீவா, பாசெல் ஆகியவை வரம்பை மறுத்தன. அயலார் அருகிய சிற்றூர்ப் பகுதிகள் பல அதனை ஏற்றன. இதுகொண்டு, அறியாமையே அச்சத்தின் வேர் என்று சிலர் முடிவு கட்டுவர். ஆனால் இத்தாலி எல்லையை அடுத்த திச்சினோ மாநிலத்தார் எவரினும் மிகுதியாக அதனை ஏற்றனரே! நாடோறும் எல்லை கடந்து வேலைக்கு வருவாரை அவர் நன்கறிவர். தம் கூலி குறைகின்றது, சாலைகள் நெருங்குகின்றன என்பதே அவர் குறை. 1970-ல் அறுபது இலட்சத்தைச் சற்றே கடந்திருந்த மக்கள் தொகை இன்று தொண்ணூறு இலட்சத்தைக் கடந்துவிட்டது. மலைகள் போக எஞ்சிய நிலத்தில் வீட்டு வாடகையை எண்ணி ஒருவன் கவலுறுவானாயின், அவனை இகழ்தல் விடையாகாது.

எனினும் இங்கே இரு வினாக்கள் பிணைந்து கிடக்கின்றன. இனி எத்தனை பேரை அழைப்பது என்பது ஒன்று. அழைக்கப்பட்டு வந்தாரை எங்ஙனம் நடத்துவது என்பது மற்றொன்று. முன்னதைக் குடிமக்கள் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம். அஃது அவர் உரிமை. பின்னது பெரும்பான்மைக்கு உட்பட்டதன்று, அறத்திற்கு உட்பட்டது. உழைப்பை வரவேற்று உழைப்பவனை விலக்குதலும், தந்தையை அழைத்து மகவை மறைக்கச் செய்தலும் எத்துணை வாக்குகள் பெறினும் நீதியாகா. அன்றியும், நாடு என்பது முடிந்து போன ஒரு பொருளன்று. பெண்டிர்க்கு வாக்களிப்பின் நாட்டின் இயல்பே கெடும் என்று அஞ்சினாரும் அங்கே இருந்தனர். நாடு கெட்டிலது, ‘நாம்’ என்னும் சொல்லின் பொருளே விரிந்தது.

இதனைத் தொலைநாட்டார்க்கு உபதேசமாக எழுதி முடித்திருப்பேன். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைப் பயணம் என் வாயை அடைத்துவிட்டது. புகைவண்டியில் எனக்குரிய இடத்தில் வடநாட்டுத் தொழிலாளர் மூவர் நெருக்கி அமர்ந்திருந்தனர். “இது எங்கள் ஊர், எழுந்திருங்கள்!” என்றேன். இடம் என்னுடையதே, பயணச்சீட்டைக் காட்டினால் போதும். ஊரை ஏன் காட்டினேன்? அவரும் இந்நாட்டுக் குடிமக்கள். எங்கும் சென்று வாழ அரசியலமைப்பே அவர்க்கு உரிமை தந்துள்ளது. சுவிட்சர்லாந்தில் எழும் வினாவிற்குக்கூட இங்கே இடமில்லை. அவர் மூவரும் ஒரு சொல்லும் பேசாது எழுந்து வாயிலருகே நின்றனர். என் தாய்மாமன் பதினான்கு ஆண்டுகளாக மஸ்கட்டில் உழைக்கின்றார். அவர் அனுப்பும் பணமே என் கல்லூரிச் சம்பளம். அங்கே எவரேனும் அவரை இங்ஙனம் எழுப்பியிருப்பரோ என்று அவ்விரவு முழுதும் எண்ணினேன்.

நண்பர்காள்! கணியன் பூங்குன்றனார் பாட்டை நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். நம்மவர் அயல்நாடு சென்றால் அதனை அந்நாட்டார்க்கு நினைவூட்டுகின்றோம். பிறர் நம்மூர் வந்தால் நாமே அதனை மறந்துவிடுகின்றோம். வருவோர் தொகையைப் பற்றி நாம் வேறுபடலாம். வேறுபட்டு வாதிடலும் நன்றே. வந்தவன் மனிதன் என்பதில் வேறுபாடு வேண்டா. அடுத்த விடுமுறையில் அதே வண்டியில் செல்வேன். அன்று என் பயணச்சீட்டை மட்டும் காட்டுவேன். கூடுமாயின் சற்று நகர்ந்தும் அமர்வேன்.