முதலாண்டு வகுப்புக்கு மூத்த ஆசிரியர்

கல்லூரி முதலாண்டின் அறிமுகத் தாள்கள் எளியவை என்று கருதி, அவற்றைப் பணிக்குப் புதியவர்களிடம் ஒப்படைப்பது பல துறைகளின் வழக்கம். உண்மையில் கற்பிக்கக் கடினமானவை அவையே. ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த பழங்குடி மாணவர், திருவண்ணாமலையிலோ திருப்பத்தூரிலோ இயற்பியல் சேர்ந்ததும் ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்கிறார். தெரிந்த பாடமே தெரியாததாகிவிடுகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரவேண்டியவருக்கு வீட்டில் சந்தேகம் கேட்க ஆளில்லை. பருவத் தேர்வோ சில மாதங்களில் வந்துவிடும்.

தொடக்க வாரங்களில் இரு மொழியிலும் நடத்தலாம். வாராவாரம் சிறு தேர்வு வைத்துத் தடுமாறுவோரை உடனே அறியலாம். இதற்குப் பெரிய செலவில்லை. எடுத்துக்காட்டுக்கும் பஞ்சமில்லை. 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களால் நேர்ந்த ஒளிக்குறைவைப் பதிவுசெய்த ஆய்வகங்களுள் ஒன்று, அதே மலையிலுள்ள காவலூர். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் அங்கே திறக்கப்பட்டது. ஒளியியலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் ஏது?

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய் மாணவரைக் கல்லூரிக்குள் கொண்டுவருகிறது. வகுப்பில் தங்கவைப்பது ஆசிரியரின் வேலை. அடுத்த கால அட்டவணையில் மூத்த பேராசிரியர்களை முதலாண்டுக்கே துறைத் தலைவர்கள் ஒதுக்க வேண்டும்.