விபத்துப் பணம் யார் கைக்குப் போகிறது?

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் பெரிய சாலையில் இருக்கிறது புதுவாயல். பெரியபாளையம் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். நேரே வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை. இரவு, பகல் என்று இல்லாமல் சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த லாரிகளுக்கு நடுவேதான் தொழிலாளிகள் வேலைக்குப் போகிறார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். ஒரு கிளாஸ் டீ குடிக்க, ஆறு வரிசை வாகனங்களுக்குப் பயந்து பயந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள்.

ஒரு நாள் இரவு, ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஒருவன்மீது லாரி மோதி விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வயது 28. மனைவி இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். வயதான தாய். ஆஸ்பத்திரியில் அவன் உயிர் பிரிந்து விடுகிறது.

மனைவி சவக்கிடங்கு வாசலில் அழுதுகொண்டு நிற்கிறாள். சொந்தக்காரர்கள்கூட இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் ஒருவர் வந்து விடுகிறார். கையில் ஒரு பை. பைக்குள் சில தாள்கள்.

"அழாதேம்மா, தங்கச்சி! போனவர் திரும்பி வரப் போவதில்லை. பிள்ளைகளைப் பார். லட்சக்கணக்கில் பணம் வாங்கித் தருகிறேன். இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்கிறார்.

அவர் வக்கீல் அல்ல. வக்கீல் குமாஸ்தாவும் அல்ல. தரகர்!

அவள் கையெழுத்துப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது? பல சமயம் ஒன்றுமே எழுதியிருக்காது. வெறும் தாள். பிறகுதான் எழுத்து ஏறும். கிடைக்கும் பணத்தில் இவ்வளவு பங்கு தரகருக்கு, இவ்வளவு பங்கு வக்கீலுக்கு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமலே முடிவாகிவிடும்.

விபத்து வழக்குத் தொழிலைப் பிடித்திருக்கும் நோய் இதுதான். சட்டம் ஏழைக்கு விரோதமாக இல்லை. சொல்லப்போனால் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து சேருவதற்கு முன்னால் தரகர் வந்து சேர்ந்து விடுகிறார்.

கோர்ட்டு போடும் கணக்கு

நஷ்ட ஈடு என்பது லாட்டரிச் சீட்டு அல்ல. நீதிபதி மனம்போன தொகையைக் கொடுத்து விட முடியாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் சரளா வர்மா வழக்கிலும், 2017-ஆம் ஆண்டில் பிரணய் சேத்தி வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறது.

இறந்தவன் மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தான். நிரந்தர வேலை இல்லை, கான்ட்ராக்ட் வேலை. இருந்தாலும், உயிரோடு இருந்திருந்தால் சம்பளம் உயர்ந்திருக்கும் அல்லவா? 40 வயதுக்குள் இருப்பதால் நூற்றுக்கு 40 பங்கு கூட்ட வேண்டும். 25,200 ரூபாய் ஆகிறது. அவனை நம்பி நான்கு பேர் இருந்தார்கள். ஆகையால் அவன் சொந்தச் செலவுக்கு என்று நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி 18,900 ரூபாய். வருஷத்துக்கு 2,26,800 ரூபாய். 28 வயதுக்காரனுக்கு அதை 17-ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் 38,55,600 ரூபாய்! ஈமச் செலவு, துணையை இழந்ததற்கு என்று இன்னும் சில தொகைகள் இதற்கு மேல் சேரும். வட்டியும் உண்டு.

சரி, 18,000 ரூபாய் சம்பளம் என்பதற்கு என்ன சாட்சி?

இங்கேதான் புதுவாயல் பக்கத்துத் தொழிலாளியின் குடும்பம் தடுக்கி விழுகிறது. கான்ட்ராக்டர் சம்பளத்தைக் கையில் கொடுத்தார். சீட்டுக் கொடுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு கேட்டால், "அவன் எங்களிடம் வேலை செய்யவே இல்லையே!" என்று சொல்லி விடுகிறவர்களும் உண்டு. சாட்சி இல்லாவிட்டால் நீதிபதி தாமாக ஒரு வருமானத்தை ஊகிக்க வேண்டியதுதான். மாதம் 10,000 ரூபாய் என்று ஊகித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கைப் போட்டால் 21,42,000 ரூபாய்தான் வருகிறது.

வித்தியாசம் 17,13,600 ரூபாய். ஒரு சம்பளச் சீட்டின் விலை இது!

தரகர் இந்தச் சீட்டைத் தேடி அலைவதில்லை. அவருக்கு வேண்டியது வழக்குகளின் எண்ணிக்கை. நல்ல வக்கீல் அலைவார். தொழிற்சாலை வாயிற் பதிவேடு, பாங்கிப் பாஸ்புத்தகம், பிராவிடண்டு பண்டு எண், இ.எஸ்.ஐ. அட்டை, கூட வேலை செய்தவரின் சாட்சி என்று எதையாவது தேடிப் பிடிப்பார். கை, கால் போனவர்களின் வழக்கிலும் இப்படித்தான். டாக்டர், "ஊனம் நூற்றுக்கு 40" என்று எழுதுவார். வலது கையை இழந்த வெல்டருக்கு அது 40 ஆகுமா? அவன் பிழைப்பே போயிற்று! மருத்துவக் கணக்கு வேறு, பிழைப்பின் கணக்கு வேறு என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. ஆனால் அவன் என்ன வேலை செய்தான் என்பதைக் கோர்ட்டில் யாராவது எடுத்துச் சொன்னால்தானே!

இறந்தவள் வீட்டுப் பெண்ணாக இருந்தால்? "சம்பாத்தியம் இல்லாதவள்தானே" என்று சொல்லும் காலம் போய்விட்டது. சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளிக்குப் பணிவிடை ஆகிய எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று 2009-ல் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டே அதை எடுத்துக் காட்டியது.

போலீஸ் அறிக்கையே மனு!

தரகர் இல்லாவிட்டால் வழக்கே நடக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். நஷ்ட ஈடு பற்றிய புது விதிகள் 1-4-2022 முதல் அமலுக்கு வந்தன. அவற்றின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீசார் முதல் அறிக்கையை விபத்து நஷ்ட ஈட்டுக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். 10 நாளைக்குள், "உங்களுக்கு இன்னின்ன உரிமைகள் இருக்கின்றன" என்று அச்சிட்ட படிவத்தைக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். அதன் பெயர் 2-ஆம் படிவம். 90 நாளைக்குள் விவரமான அறிக்கை போக வேண்டும். போலீசார் அனுப்பும் அந்த அறிக்கையையே நஷ்ட ஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது!

2022 டிசம்பர் 15-ந் தேதி கோஹர் முகமது வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை வற்புறுத்தியது. இதற்கென்று போலீஸ் நிலையங்களில் தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் பந்தோபஸ்துக்கும் போக்குவரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் 2-ஆம் படிவத்தைத் தேடி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அழுகிற பெண்ணிடம் படித்துச் சொல்வாரா? அதற்கு ஆள் போட வேண்டாமா? தரகருக்கு ஆள் இருக்கிறது. சட்டத்துக்கு ஆள் இல்லை!

இலவச சட்ட உதவிக் குழுவின் ஆள் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும். பாதி நோய் தீரும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். சிப்காட் தொழிலாளிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே விவரம் சொல்வார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2019 திருத்தத்தில், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார்கள். 1994-ல் எடுத்துவிட்ட கெடு திரும்பி வந்தது! இதை எதிர்த்துப் பலர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கு முடியும்வரை, தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு கிடைத்தது. இருந்தாலும் அதை நம்பி மெத்தனமாக இருப்பது நல்லதல்ல.

மோதிய லாரி எது என்றே தெரியாமல் போனால்? அதற்கும் சர்க்கார் நிதி உண்டு. இறந்தால் 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய். முன்பு இருந்த 25,000-க்கும் 12,500-க்கும் இது எவ்வளவோ மேல்.

வக்கீல் கூலி

இவ்வளவும் சொல்லிவிட்டு வக்கீல்களின் கஷ்டத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது.

விபத்து வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். அதுவரை குடும்பத்தால் பீஸ் கொடுக்க முடியாது. நகல் எடுக்க, டாக்டரைச் சாட்சிக்கு அழைத்துவர, வண்டிச் சத்தம் கொடுக்க, எல்லாம் வக்கீல் கைப்பணம். போலி வழக்குகளால் இன்னொரு தொல்லை. உத்தரப் பிரதேசத்தில் நடக்காத விபத்துகளுக்கு நஷ்ட ஈடு கேட்டார்கள் என்று 2021-ல் இந்திய பார் கவுன்சில் 28 வக்கீல்களைத் தொழில் செய்யவிடாமல் நிறுத்தி வைத்தது. இப்படி நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் உண்மையாக அடிபட்டவனையும் சந்தேகக் கண்ணோடுதானே பார்க்கும்?

வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசக் கூடாது என்பது நம் நாட்டு வக்கீல்களுக்கு உள்ள விதி. அமெரிக்காவில் பங்கு பேசலாம். மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே சாதாரணம். இங்கே விதி ஒன்று, நடப்பு வேறு. ஊர் அறிந்த ரகசியம்! மறைவாக நடப்பதால்தான் பங்குக்கு அளவே இல்லாமல் போகிறது. விதியை உண்மையாக அமல் நடத்த வேண்டும். முடியாது என்றால், தீர்ப்புச் சொல்லும்போதே வக்கீலுக்கு இவ்வளவு என்று நீதிபதி வெளிப்படையாக நிர்ணயிக்க வேண்டும். நேர்மையான வக்கீலுக்கும் அது நல்லது.

தரகர்களை அடக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. வக்கீல்கள் சட்டத்தில் 2023-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். தரகர்களின் பெயர்ப் பட்டியலைக் கோர்ட்டுகள் வெளியிடலாம். பட்டியலில் உள்ளவன் மறுபடியும் தரகு செய்தால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லட்சங்களில் புரளுகிறவனுக்கு 500 ரூபாய் அபராதம்!

வாங்க ஆள் இல்லாத பணம்

தீர்ப்பு வந்த பிறகும் கதை முடிவதில்லை. நஷ்ட ஈட்டுக் கோர்ட்டுகளிலும் தொழிலாளர் கோர்ட்டுகளிலும் கட்டப்பட்ட பெருந்தொகைகள் வாங்க ஆள் இல்லாமல் கிடக்கின்றன என்று குஜராத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதினார். கோர்ட்டு தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. மனுச் செய்யும்போதே பாங்கிக் கணக்கு, ஆதார், இப்போதைய விலாசம் எல்லாம் வாங்கி வைக்க வேண்டும். பணத்தை நேரே அந்தக் கணக்கில் போட வேண்டும் என்று 2025 ஏப்ரல் 22-ந் தேதி உத்தரவிட்டது. பணம் நேரே கணக்கில் போனால் நடுவில் கை நீட்டுகிறவருக்கு வேலை குறையும். கணக்குப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் அந்தப் பெண்ணிடமே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவன் இறந்தால், மனைவி பிள்ளைகளோடு ஊருக்கே போய் விடுகிறாள். விபத்து இங்கே நடந்தாலும், அவள் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. இது அவளுக்குத் தெரியாது. புதுவாயலில் கொடுத்த தாளில் வாடகை அறையின் விலாசம்தான் இருக்கிறது. கோர்ட்டு நோட்டீஸ் அந்த அறைக்கு வருகிறது. அங்கே இப்போது வேறு நான்கு பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.