தவணை முடியாத வாகனத்தைக் கைமாற்றினால் கடன் யாருடையது? தங்க வயல் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கோலார் தங்க வயல்: பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, தங்க வயல் தமிழர்களின் பிழைப்பு பெருமளவு பெங்களூருவை நம்பியே நகர்கிறது. மாரிகுப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறுவோர் ஒருபுறம். கடனில் வாங்கிய காரையோ ஆட்டோவையோ ஓட்டிப் பிழைப்போர் மறுபுறம். இவர்களின் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். தவணைத் தேதி மட்டும் மாறுவதில்லை.

சமாளிக்க முடியாத நிலையில், "வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், மீதித் தவணையைக் கட்டிவிடுங்கள்" என்று தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே எளிய வழியாகத் தோன்றுகிறது. முத்திரைத்தாளில் கையெழுத்தாகிறது, சிறு தொகையும் சாவியும் கைமாறுகின்றன. கடன் மட்டும் கைமாறுவதில்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 51-ன்படி, கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி, அடமானப் பதிவுள்ள வாகனத்தின் உரிமை மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பதிவு செய்யாது. வாங்கியவர் இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால், நோட்டீஸ் வருவது விற்றவர் வீட்டுக்கே. சிபில் மதிப்பெண் சரிவதும் அவருக்கே. ஒப்புதலின்றி விற்றதாக நிதி நிறுவனம் புகார் அளித்தால், காவல் நிலையப் படியும் ஏற நேரிடலாம்.

விபத்து நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பல கைகள் மாறிய ஒரு கார் தொடர்பான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. புதியவர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அந்தச் சுமை முழுவதும் பழைய உரிமையாளர் தலையில் விழும். ஆந்திரமும் தமிழகமும் அருகிலேயே இருக்கும் தங்க வயலில், எல்லை தாண்டிய வண்டியைத் தேடிப் பிடிப்பதும் எளிதன்று.

முறைப்படி விற்க முனைவோருக்குத் தடையாக நிற்பது கணக்கு. 8 லட்சம் ரூபாய்க் கடன், 10 சதவீத வட்டி, 5 ஆண்டுத் தவணை என்று கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் 4 லட்சத்துக்கு மேல் கட்டிய பின்னரும், அசலில் ஏறத்தாழ 5.27 லட்சம் பாக்கி நிற்கும். சந்தையில் வண்டி 4.5 லட்சத்துக்குத்தான் போகும் என்றால், கையிலிருந்து 77,000 ரூபாய் போட்டால்தான் கடன் தீரும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்கள், ஆட்டோக்கள், 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்கள் மீதான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. புதிய வண்டி வாங்குவோருக்கு இது நல்ல செய்தி. பழைய வண்டியை விற்பவருக்கோ, புதியதன் விலை இறங்கினால் தன் வண்டிக்கான பேரமும் இறங்கும். கடன் பாக்கி இறங்காது.

எனவே விலை பேசும் முன், கடனை முன்கூட்டியே முடிக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கறிக்கையை நிதி நிறுவனத்திடம் பெறுவது அவசியம். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் அதில் தெரியும். வாங்குபவர் பாக்கித் தொகையை நேரடியாகக் கடன் கணக்கிலேயே செலுத்த வேண்டும். மிஞ்சினால் மட்டுமே விற்பவர் கைக்கு. அதன்பின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் பெற்று அடமானப் பதிவை நீக்கி, படிவம் 29, 30 மூலம் பெயரை மாற்றலாம். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் தகவல் தர வேண்டும். வாங்குபவர் வங்கியில் பழைய வாகனக் கடன் பெற்று இந்தப் பாக்கியை அடைப்பதும் உண்டு.

இடைவெளியை நிரப்பப் பணமில்லாதவர்கள், தவணை தவறும் முன்பே கடன் காலத்தை நீட்டிக்கக் கோரலாம். மொத்த வட்டி கூடும் என்றாலும் மாதச் சுமை குறையும். வண்டியை நிறுவனத்திடமே ஒப்படைத்தால் அது ஏலத்துக்குப் போகும்; ஏலத் தொகை பாக்கியைவிடக் குறைந்தால், அந்த மீதியையும் கடன் வாங்கியவரிடமே கேட்பார்கள்.