குர்ஆனைத் திருத்தமாக ஓதுவோம்: ழாத் எனும் எழுத்து



இம்மாதம் வேறோர் எழுத்தைப் பற்றி எழுதவே எண்ணியிருந்தேன். அதற்கிடையில் வாசகி ஒருவரின் கடிதம் கிடைத்தது. அவருடைய தாயாருக்கு வயது 68. சுபஹுத் தொழுதுவிட்டு யாஸீன் ஓதாமல் அடுப்படிக்குப் போகாதவர். அரபுக் கல்லூரியிலிருந்து விடுமுறையில் வந்த பேத்தி ஒருநாள் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "உம்மும்மா, நீங்க ழாத்தைப் பிழையா ஓதுறீங்க. பாத்திஹா பிழையெண்டா தொழுகையும் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு அந்தத் தாய் சத்தமாக ஓதுவதை நிறுத்தினார். இப்போது குர்ஆனையே எடுப்பதில்லையாம். "இவ்வளவு காலம் தொழுததெல்லாம் வீணா எண்டு மௌலவிக்கிட்டக் கேட்டெழுது மகள்" என்கிறாராம்.

பேத்தி சொன்னதில் உண்மை இருக்கிறது. சொன்ன விதத்தில்தான் குறை. முதலில் எழுத்தைப் பார்ப்போம்.

ழாத் எழுத்து நமது நாவுக்குப் புதியதல்ல என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரமழான், வுழூ, காழி, பர்ழு என்று அன்றாடம் பேசுகிறோம். ஸஹாபாக்களின் பெயருக்குப் பின்னால் (ரழி) என்று எழுதுகிறோம். இவை எல்லாவற்றிலும் அரபியில் இருப்பது ழாத். நம் முன்னோர் அதற்குத் தமிழில் நெருக்கமாகக் கண்ட எழுத்து ழகரம். நல்ல தேர்வுதான். ஆனால் நெருக்கம் வேறு, அதுவே இது என்பது வேறு. தமிழ் ழகரத்தில் நாவின் நுனி மேலே வளைந்து பின்னால் போகும். ழாத்தில் நுனிக்கு வேலையே இல்லை. நாவின் ஓரம்தான் வேலை செய்கிறது. போதாததற்கு, நம்மில் பலருடைய பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுகிறது. ளுஹர் தொழுகை, ளுஹாத் தொழுகை என்று இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். அரபியில் முன்னது ளா, பின்னது ழாத். தமிழ் எழுத்தைப் பார்த்து யாஸீன் ஓதும் சகோதரிகளுக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

பொருள் எங்கே மாறும் என்று கேட்கலாம். அல்கியாமா சூராவின் 22, 23ஆம் வசனங்களை எடுங்கள். முதல் வசனத்தின் இறுதியில் வரும் 'நாழிரா' ழாத்தில் அமைந்தது. முகங்கள் செழித்து ஒளிர்வதைக் கூறுகிறது. அடுத்ததன் இறுதியில் வரும் 'நாளிரா' ளாவில் அமைந்தது. அம்முகங்கள் தம் இறைவனை நோக்குவதைக் கூறுகிறது. இரண்டையும் ஒரே மாதிரி ஓதினால் ஒரு பொருள் காணாமற் போய்விடுகிறது. இன்னும் அருகில் வேண்டுமானால், நாம் அனைவரும் மனனமிட்ட 'அலம் நஷ்ரஹ்' சூரா இருக்கிறது. அதன் 3ஆம் வசனத்தில் 'அன்கழ' என்பது ழாத்தில் முடிய, 'ளஹ்ரக்' என்பது ளாவில் தொடங்குகிறது. இடையில் மூச்சுவிடவும் இடமில்லை. தஜ்வீத் மேதை இப்னுல் ஜஸரீ (ஹிஜ்ரி 833இல் மறைந்தவர்) தமது 'முகத்திமா'வில், இவ்விரு எழுத்துகளும் சந்திக்கும் இடத்தில் பிரித்துக் காட்டுவது அவசியம் என்பதற்கு இந்த இடத்தையே உதாரணமாகத் தருகிறார்.

இனி மக்ரஜ். நாவின் பக்க ஓரம் மேல் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில் சாய்ந்து அழுத்த வேண்டும். பெரும்பாலோருக்கு இடப்பக்கம் இலகு, வலப்பக்கம் கடினம், இரு பக்கமும் ஒருசேர வருவது அதிலும் அரிது. எந்தப் பக்கம் வந்தாலும் சரியே. நாவின் அடிப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்ப வேண்டும். அப்போதுதான் ஓசை தடிக்கும். ஓசையை அடைத்து வெடிக்கவிடக் கூடாது. அது நாவின் ஓரத்தில் முன்னோக்கி நீள வேண்டும். இதற்கு 'இஸ்திதாலா' என்று பெயர். இப்பண்பு ழாத்துக்கு மட்டுமே உரியது.

பழகும் போது எழுத்துக்கு முன் ஓர் அகரத்தை வைத்து, எழுத்தை ஸுகூனாக்கி நிறுத்திப் பாருங்கள். பிறகு அர்ழ், பழ்ல் போன்ற சொற்கள். நிலைக் கண்ணாடி முன்னால் நின்று பழகுவது மிக நல்லது. நாவின் நுனி முன்பற்களுக்கிடையில் தெரிந்தால் நீங்கள் ஓதியது ளா. நுனி மேல் முன்பல் முரசில் தட்டினால் அது தடித்த தால். வெளிநாட்டுக்குப் போய் வந்த சிலர் 'ரமதான்' என்று தகரத்தை அழுத்திச் சொல்வதைத்தான் திருத்தம் என்று எண்ணுகிறார்கள். அதுவும் ழாத் அல்ல.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் மத்ரஸாவில் லெப்பையிடம் ஓதி, ழகரத்தோடுதான் நான் அரபுக் கல்லூரிக்குப் போனேன். உஸ்தாத் என்னை நிறுத்திய முதற் சொல் 'ழால்லீன்'. அந்த ஒரு சொல்லைத் தாண்ட எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. பிள்ளையாக இருந்தும் அப்படி. நாவுக்கு இதைவிடக் கடினமான எழுத்து வேறில்லை என்று இப்னுல் ஜஸரீயே 'அந்நஷ்ர்' நூலில் எழுதியிருக்கிறார். மக்களில் இதைச் சிலர் ளாவாக, சிலர் தடித்த லாமாக மாற்றுவதாகக் குறைப்பட்டிருக்கிறார்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவீயின் 'மின்ஹாஜ்', பாத்திஹாவில் ழாத்தை ளாவாக மாற்றினால் மிகச் சரியான கருத்தின்படி செல்லாது என்கிறது. பேத்தி இதைத்தான் படித்திருப்பாள். ஆனால் அதன் விரிவுரையாளர்கள், சரியாக ஓத இயலுமானவருக்கும் கற்க முடிந்தும் அலட்சியமாக இருந்தவருக்குமே இச்சட்டம் என்று விளக்குகிறார்கள். இயலாதவருக்கு அது குற்றமில்லை. தப்ஸீர் ஆசிரியர் இப்னு கஸீரும் ஷாபிஈதான். அவர், மக்ரஜ்கள் நெருங்கியிருப்பதால் இவ்விரண்டிலும் ஏற்படும் குறை மன்னிக்கப்படும் என்பதே அறிஞர்களின் சரியான கருத்து என்று எழுதுகிறார். எனவே உம்மா, சிறு வயதில் உங்களுக்கு ஓதித் தந்தபடி ஓதினீர்கள். வேறு வழி காட்ட யாரும் இருக்கவில்லை. தொழுதவற்றை மீட்டித் தொழ வேண்டியதில்லை.

இனிக் கற்க வழி வந்துவிட்டது. வீட்டிலேயே பேத்தி இருக்கிறாள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஆஇஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. பேத்திக்கு ஒரு வார்த்தை: மகளே, விடுமுறை முடியுமுன் தினமும் சுபஹுக்குப் பின் பத்து நிமிடம் உம்மும்மாவோடு பாயில் அமருங்கள். பிழை என்று சொல்வதற்கு முன், நீங்கள் ஓதிக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். யாஸீனை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் ளா எழுத்தை எடுத்துக்கொள்வோம்.