200-க்குள் இருந்தால் போதுமா?

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் போவது ஒரே வரிக்குத்தான்: மொத்த கொலஸ்ட்ரால். 200-க்குள் இருந்தால் அன்று மாலையே பஜ்ஜி. தாண்டினால் வீட்டில் நெய்க்குத் தடையுத்தரவு.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மொத்தம் 190, எச்.டி.எல். 30, டிரைகிளிசரைடு 200. இன்னொருவருக்கு மொத்தம் 210, எச்.டி.எல். 60, டிரைகிளிசரைடு 100. கவலைப்படுவது 210-காரர். ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். முதலாமவருக்கு 160, இரண்டாமவருக்கு 150. ரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய சரக்கு அதிகம் இருப்பது நிம்மதியாக வீடு திரும்பியவரிடம்தான். எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு அதிகம் என்ற இந்த ஜாடை இந்தியர்களிடம் சகஜம். பல நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசிய முடிவுகள் 2007-ல் வெளியாயின. முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59.

அந்தக் காகிதத்தில் உள்ள எல்.டி.எல். எண்ணும் பல லேப்களில் நேரடியாக அளக்கப்படுவதல்ல. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். 1972-ல் வந்த சூத்திரம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் கணக்கு காலை வாரிவிடும். (தாவர எண்ணெய் டப்பாவில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிடுவதும் ஒரு சாமர்த்தியக் கணக்குதான். கடலையிலும் எள்ளிலும் அது எப்போது இருந்தது?)

பெரிய சிக்கல், 'நார்மல்' என்று ஓரத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணை அச்சிடுவது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் ஆளுக்கேற்ற இலக்கைச் சொல்கின்றன. ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 70-க்குள். ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர் போன்றோருக்கு 55-க்குள். ஆக, பைபாஸ் செய்துகொண்டவரின் 95-ஐப் பார்த்து "நார்மல்தானே" என்று மாத்திரையை நிறுத்துவது விபரீதம்.

முதல் பரிசோதனை 18 வயதிலேயே தேவை, அதற்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்கிறது அதே அறிக்கை. இன்னொன்று, லைப்போபுரோட்டீன்-ஏ. பரம்பரையாக வருவது, பத்தியத்துக்கு மசியாது. அதனால் ஆயுளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் அதிகம். வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது சேர்வதில்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் நீங்களாகக் கேட்க வேண்டியதுதான்.