முதல் களைக்கொல்லி தண்ணீர்தான்

நட்ட வயலில் களை மண்டிப்போனால் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். இல்லையென்றால் மருந்து கேட்கவில்லை என்பார்கள். திருச்சி மாவட்டத்தில் அந்தநல்லூர், குழுமணி பக்கமானாலும் கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கமானாலும் பேச்சு இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. வாய்க்காலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நெல்லில் களை என்பது பெரும்பாலும் நடவுக்குப் பிந்தைய முதல் நான்கு வாரத் தண்ணீர்ப் பிரச்சினை. அதை வேளாண்மைத் துறையின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நீர்வளத் துறை ஒதுங்கி நிற்பதுதான் நம்மிடம் உள்ள கோளாறு.

சேறடித்து நாற்று நடும் முறையே ஒரு களையெடுப்பு. உழவில் முளைத்த புல் சேற்றில் புதைகிறது. நட்டபின் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், காற்று கிடைக்காமல் பல புல் விதைகள் முளைக்கவே முடிவதில்லை. நெல்லுக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல இது. காந்தி மார்க்கெட்டுக்கு வரும் ஊட்டி உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகாமல் இருக்கச் செடியைச் சுற்றி மண் அணைக்கிறார்கள். அதே மண்வெட்டி வீச்சில் களையும் புதைந்துவிடுகிறது. பயிருக்கான வேலையே களைக்கான வேலையாகவும் ஆகிவிடும்போது செலவு குறைகிறது. தண்ணீர் நிற்காத நெல் வயலில் அந்த வசதி போய்விடும். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகத்தின் விஞ்ஞானிகள் 18 மாநிலங்களின் வயல்வெளிச் சோதனைகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். களையால் நட்ட நெல்லில் விளைச்சல் இழப்பு சுமார் 14 சதவீதம், நேரடியாக விதைத்த நெல்லில் சுமார் 21 சதவீதம். நடவுக்குத் தண்ணீர் வருமா என்று தெரியாமல் புழுதியில் விதைத்துவிடும் விவசாயி இந்த வித்தியாசத்தைத் தன் கையிலிருந்துதான் கட்டுகிறார்.

களையைப் பார்த்துப் பறித்துவிடலாமே என்றால், அது அத்தனை சுலபமல்ல. குதிரைவாலிப் புல் இளம் பருவத்தில் நெற்பயிரைப் போலவே இருக்கும். குனிந்து, இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: நெல்லுக்கு அங்கே மெல்லிய வெண்ணிறச் சவ்வும் மயிர் முளைத்த சிறு கொக்கிகளும் உண்டு, புல்லுக்கு அந்த இடம் வழவழப்பாக இருக்கும். ஒரு ஏக்கர் முழுக்க இப்படிப் பார்த்துப் பறிக்கும் பெண்களின் முதுகுவலிக்குக் கூலி போதாது. அந்த வேலைக்கு ஆள் குறைவதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

அதனால்தான் களைமருந்து வந்தது, இனி அதுதான் வழி என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பூட்டாகுளோர் போன்ற மருந்தை நட்ட மூன்று நான்கு நாளில், ஹெக்டேருக்கு 50 கிலோ உலர்ந்த மணலில் கலந்து, மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் வயலில் தூவ வேண்டும்; அடுத்த இரண்டு நாள் தண்ணீரை வடிக்கவும் கூடாது. வெடித்த வயலில் தூவினால் மருந்துக் காசு வீண். செம்மை நெல் சாகுபடியில் உருட்டும் கோனோ வீடர் என்ற களைக்கருவியும் அப்படியே. ஈரம் காய்ந்து இறுகிய மண்ணில் அது நகராது. ஆக, கையோ கருவியோ மருந்தோ, மூன்றுக்கும் வயலில் தண்ணீர் வேண்டும். போதாக்குறைக்கு, ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஹரியானா 1990-களிலேயே காட்டிவிட்டது. அங்கே கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் மருந்துக்குச் சாகாத புல் பரவி, பச்சைப் பயிரையே அறுத்து மாட்டுக்குப் போடும் நிலைக்கு விவசாயிகள் வந்தார்கள்.

தண்ணீர் நம் கையிலா இருக்கிறது, கர்நாடகம் விட்டால்தானே என்ற கேள்வி நியாயமானது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. 2023-இல் நாள் தவறாமல் திறந்தும், நீர்மட்டம் சரிந்ததால் அக்டோபர் 10-இல் மூடிவிட்டார்கள். சம்பாவுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேட்டூரில் வருகிற அளவு நம் கையில் இல்லை என்பதற்காக, நம் மாவட்டத்துக்கு வந்த தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு எந்த வாரம் விடுவது என்பதும் நம் கையில் இல்லை என்றாகிவிடாது. குறைவான தண்ணீரில்தான் முறை வைப்பதற்கே அர்த்தம் உண்டு.

தண்ணீரை நிறுத்தி வைப்பது வீண்செலவு, மீத்தேன் வேறு வெளியேறும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதே இன்றைய அறிவியல் என்பது இன்னொரு வாதம். அறிவியல் அப்படித்தான் சொல்கிறது; ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைப் பரப்பிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமே, களை அதிகமுள்ள வயலில் அதை இரண்டு மூன்று வாரம் தள்ளித் தொடங்கச் சொல்கிறது. முதல் மாதம் நிறுத்து, பிறகு சிக்கனம் பிடி என்பதுதான் அதன் பொருள். நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். களை முளைக்கும் மாதத்தில் வயல் காய்கிறது. பிறகு வடகிழக்குப் பருவமழையில், வேண்டாத நேரத்தில் மூழ்குகிறது. தேங்கிய தண்ணீர் எல்லாக் களையையும் அடக்கிவிடாது என்பதும் உண்மைதான். ஆரைக்கீரையும் நீர்க்கிராம்பும் சேற்றில் செழிக்கும். ஆனால் புல்லை அடக்கிவிட்டால், மிஞ்சுவதைக் கையாள ஒரு கைக்களையோ ஒரு வீடர் ஓட்டமோ போதும்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. உய்யக்கொண்டான், பெருவளை, புள்ளம்பாடி வாய்க்கால்களில் முறை அட்டவணையை நடவு நடக்கும் வாரங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடலாம். புதிதாக நட்ட பகுதிக்கு முதல் நான்கு வாரம் நீண்ட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளலாம். அட்டவணை நடவுக்கு முன்பே மதகிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட்டால், எந்த நாளில் மருந்து தூவுவது, எந்த நாளில் வீடர் வாடகைக்கு எடுப்பது என்று விவசாயி முடிவெடுக்க முடியும். ஆகாயத்தாமரை அடைத்த கிளை வாய்க்காலைத் தண்ணீர் வந்த பிறகு தூர்வாருவதையும் நிறுத்த வேண்டும். அட்டவணையில் தேதி இருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாமல் போவது அங்கேதான். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் களை பற்றிய கேள்வி வந்தால், வேளாண்மை இணை இயக்குநரோடு நீர்வளத் துறைச் செயற்பொறியாளரும் எழுந்து பதில் சொல்லட்டும்.