துயரத்துக்கு ஓர் உருவம் கொடுத்தவர்

விம்மி அழும்போது நமது உடலில் முதலில் அசைவது எது? கண்கள் என்றுதான் பலரும் சொல்வோம். ஆனால் கண்ணீர் வருவதற்கு முன்பே அடிவயிறு இறுகி உள்ளே போகின்றது. முதுகு வளைகின்றது. மூச்சு வெளியேறி நெஞ்சு ஒடுங்குகின்றது. தொண்டையும் கண்களும் அதன் பிறகுதான். துக்கம் அனுபவித்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த விடயம். இந்த உண்மையை எடுத்து, அதன்மேல் ஒரு நடன முறையையே கட்டியெழுப்பியவர் மார்த்தா கிரகாம் என்ற அமெரிக்கப் பெண்மணி.

மார்த்தா 1894 ஆம் ஆண்டு, பிற்ஸ்பேர்க் நகருக்கு அருகில் பிறந்தார். அவருடைய தந்தையார் மனநோய்களுக்குச் சிகிச்சையளித்த ஒரு வைத்தியர். மனிதர்களின் பேச்சைவிட அவர்களுடைய உடல் அசைவுகளைக் கூர்ந்து கவனிப்பவர். சிறுமியாக இருந்த மார்த்தா ஒருநாள் பொய் சொன்னபோது, வாய் எதைச் சொன்னாலும் உடலின் அசைவு உண்மையைக் காட்டிவிடும் என்று அவர் கூறினார். மார்த்தா வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லை.

அக்காலத்தில் மேலைநாட்டு மேடைகளில் உயர்வாக மதிக்கப்பட்டது பலே நடனம். அதில் ஆடும் பெண் பாரமே இல்லாதவள்போல் தோன்ற வேண்டும். நுனிக்காலில் நின்று, காற்றில் மிதப்பதுபோல் ஆட வேண்டும். களைப்போ வலியோ வெளியே தெரியக் கூடாது. மார்த்தாவுக்கு இது ஒத்துவரவில்லை. உழைக்கிற, பாரம் சுமக்கிற, விழுந்து எழும்புகிற பெண்ணின் உடல் மேடைக்கு வர வேண்டுமென அவர் விரும்பினார். 1926 இல் நியூயோர்க்கில் தனது மாணவிகள் மூவருடன் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். அதன்பின் பல ஆண்டுகளாக அவருடைய குழுவில் பெண்கள் மட்டுமே இருந்தனர். 1938 இல்தான் முதன்முதலாக ஓர் ஆண் அதில் இணைந்தார்.

அவருடைய முறையின் அடிப்படை மூச்சு. மூச்சை வெளியே விடும்போது வயிறு உட்குழிந்து முதுகு வளைகின்றது. இதை அவர் சுருங்குதல் என்றார். மூச்சை உள்ளே இழுக்கும்போது முதுகெலும்பு நீண்டு உடல் திறக்கின்றது. இது விடுபடுதல். கை, கால்களின் அசைவெல்லாம் உடலின் நடுப்பகுதியில் நிகழும் இந்த இரண்டிலிருந்துமே பிறக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. சிரிப்பும் அழுகையும் பயமும் தொடங்கும் இடமும் அதுதானே. அவருடைய மாணவிகள் வெறுங்காலுடன் தரையில் அமர்ந்தே பயிற்சியைத் தொடங்கினார்கள். நிலத்தில் விழுவதையும் விழுந்த இடத்திலிருந்து எழும்புவதையும் அவர் தனியாகவே கற்றுக்கொடுத்தார். இதில் அழகில்லை என்று அன்று பலர் கேலி செய்தனர். அவர் தளரவில்லை.

1930 ஜனவரியில் அவர் மேடையேற்றிய 'புலம்பல்' என்ற தனிநடனம் நான்கு நிமிடங்கள் அளவே கொண்டது. குழாய்போலத் தைத்த, இழுபடக்கூடிய துணிக்குள் ஒரு பெண் வாங்கு ஒன்றில் அமர்ந்திருக்கிறாள். முகம், கைகள், பாதங்கள் மட்டுமே தெரிகின்றன. அவள் வாங்கை விட்டு நகர்வதில்லை. முன்னும் பின்னும் ஆடுகிறாள். துணியை உள்ளிருந்து தள்ளுகிறாள், இழுக்கிறாள். தன் தோலுக்குள்ளேயே அடைபட்டவள் வெளியே வரத் துடிப்பதுபோல் இருக்கிறது. யாருக்காக அழுகிறாள் என்ற கதை அதில் இல்லை. துக்கமே அங்கே உருவெடுத்து அமர்ந்திருக்கிறது.

இந்நடனம் முடிந்தபின் ஒருமுறை தன்னைக் காண வந்த ஒரு பெண்ணைப் பற்றி மார்த்தா பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அந்தத் தாயின் சிறு மகன் அவள் கண்ணெதிரிலேயே லொறியில் அடிபட்டு இறந்துபோனான். எவ்வளவோ முயன்றும் அவளால் அழ முடியவில்லை. அந்த நடனத்தைப் பார்த்த பிறகுதான், துயரம் மதிப்புக்குரியது, எல்லோருக்கும் பொதுவானது, மகனுக்காக அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை உணர்ந்ததாக அவள் சொன்னாளாம்.

1936 இல் ஹிட்லரின் ஆட்சியிலிருந்த ஜேர்மனி, பேர்லின் ஒலிம்பிக் விழாவையொட்டிய கலை நிகழ்ச்சிக்கு மார்த்தாவை அழைத்தது. பெரும் புகழைத் தரக்கூடிய அழைப்பு. ஆனால் கலைஞர்கள் துன்புறுத்தப்படும் நாட்டில் ஆட முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அவருடைய குழுவில் யூதப் பெண்களும் இருந்தனர். அதே ஆண்டு டிசம்பரில், போரின் அழிவைப் பற்றிய 'குரோனிக்கிள்' என்ற நடனத்தை முழுவதும் பெண்களைக் கொண்டே மேடையேற்றினார். அதில் 'தெருவில் காலடிகள்' என்றொரு பகுதி உண்டு. அழிவு, வீடற்ற நிலை, நாடிழப்பு ஆகிய மூன்றுமே அதன் பொருள். இசை தொடங்குமுன், அமைதியில், பெண்கள் பின்னோக்கி அடியெடுத்து வைத்து மேடைக்கு வருகிறார்கள். அந்தப் பெண்களை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 'குரோனிக்கிள்' அத்துடன் முடிந்துவிடவில்லை. கடைசிப் பகுதியில் பெண்கள் ஒன்றுசேர்ந்து, போருக்கு எதிராக உறுதியுடன் நிமிர்கிறார்கள். அடுத்த ஆண்டு, ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் பெண்கள் பட்ட வேதனையை 'ஆழ்ந்த பாடல்' என்ற தனிநடனமாக அமைத்தார்.

மார்த்தா 1991 இல், தனது 96 ஆவது வயதில் காலமானார். மேலே சொன்ன நடனங்கள் அவர் மறைந்த பின்னரும் புதிய தலைமுறைப் பெண்களால் ஆடப்பட்டு வருகின்றன.

எந்த நடனமும் இழந்த பிள்ளையைத் திருப்பித் தராது. காணாமல் போன கணவனைக் கொண்டுவந்து சேர்க்காது. ஆனால் "அழாதே, தைரியமாக இரு" என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலரின் துயரத்தை நெஞ்சுக்குள் பூட்டிவைத்து விட்டார்கள். பூட்டிய துயரம் எங்கும் போய்விடுவதில்லை. குனிந்த முதுகிலும் இறுகிய வயிற்றிலும் அது தங்கியிருக்கிறது என்பதை மார்த்தா கண்டார். அதை மறைக்காமல் மேடையின் நடுவில் அமர்த்தி, எல்லோரும் மரியாதையோடு பார்க்கச் செய்தார்.

அன்புச் சகோதரிகளே, அயலில் ஒருத்தி அழும்போது உடனே கண்ணைத் துடைக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருங்கள். சுருங்கிய மூச்சு தானாக விரியும்வரை இருங்கள். அவள் எழும்பும்போது உங்கள் கை அருகில் இருந்தால் போதும்.